தொடுதிரையைத் தொடுவது யார்?

சென்னைப் புறநகர் ரயில் நிலையங்களில் தானியங்கி டிக்கெட் இயந்திரம் இருந்தால், பெரும்பாலும் அதன் பக்கத்தில் ஒரு மனிதரும் இருப்பார். பயணி ஊர்ப் பெயரைச் சொல்லிப் பணத்தை நீட்டுவார். அந்த மனிதர் தம் ஸ்மார்ட் கார்டை வைத்து, திரையில் நாலைந்து இடங்களில் தட்டி, டிக்கெட்டை உருவிக் கொடுப்பார். இதில் கள்ளத்தனம் ஒன்றுமில்லை. ‘ஃபெசிலிடேட்டர்’ என்ற பெயரில், ஓய்வுபெற்ற ஊழியர்கள் முதலானவர்களைக் கமிஷன் அடிப்படையில் ரயில்வேயே அமர்த்துகிறது. கவுன்டரில் ஆள் வேண்டாம் என்று வந்த இயந்திரத்துக்கே ஓர் ஆள் தேவைப்பட்டது. பயணியிடம் கார்டு இல்லாதது ஒரு காரணம், பின்னால் வரிசை நீளும் அவசரம் இன்னொன்று. திரையைப் பார்த்தாலே வரும் தயக்கத்தையும் ஒதுக்கிவிட முடியாது.

இதைக் கேலி செய்வது சுலபம். ஆனால் கடந்த அறுபது ஆண்டுகளில் வகுப்பறையிலும் பொது இடங்களிலும் தொடுதிரைக்கு நேர்ந்தவற்றை அடுக்கிப் பார்த்தால், அது எங்கே பலித்தது, எங்கே பணத்தை விழுங்கியது என்பதைக் கண்ணாடியின் தரம் தீர்மானித்தது குறைவு. தொடுகிற விரல் யாருடையது, அந்த விரலுக்குப் பக்கத்தில் துணைக்கு என்ன இருக்கிறது என்ற இரண்டும்தான் பெரும்பாலும் தீர்மானித்திருக்கின்றன.

தொடுதிரை பொதுமக்களுக்காகப் பிறந்த பொருளே அல்ல. 1965இல் இங்கிலாந்தின் மால்வர்ன் நகரில் இருந்த ராயல் ரேடார் ஆய்வகத்தைச் சேர்ந்த ஈ. ஏ. ஜான்சன் அதைப் பற்றிய முதல் குறிப்பை வெளியிட்டபோது அவர் மனத்தில் இருந்தவர்கள் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள். சில ஆண்டுகள் கழித்து ஜெனீவா அருகே செர்ன் ஆய்வுக்கூடத்தில், 7 கிலோமீட்டர் சுற்றளவுள்ள எஸ்.பி.எஸ். துகள் முடுக்கியை எப்படி இயக்குவது என்ற சிக்கல் வந்தது. பழைய முறையில் போனால் ஆயிரக்கணக்கான குமிழ்களும் சுவிட்சுகளும் ஒரு சுவரையே அடைத்திருக்கும். ஃபிராங்க் பெக் சில மேசைகளிலேயே எல்லாவற்றையும் அடக்கிவிடலாம் என்றார். பெண்ட் ஸ்டும்ப் 1972 மார்ச்சில் கையால் எழுதிய ஒரு குறிப்பில் அதற்கு வழி சொன்னார்: கண்ணாடிமீது 16 தொடு பொத்தான்கள், தேவைக்கேற்ப எழுத்து மாறும் பொத்தான்கள். முடுக்கி 1976இல் ஓடத் தொடங்கியபோது அந்தத் திரைகள்தான் அதன் கடிவாளம். விமானக் கட்டுப்பாட்டாளரும் சரி, முடுக்கியை இயக்குபவரும் சரி, பயிற்சி பெற்றவர்கள். தினமும் அதே திரையின் முன் அமர்பவர்கள். அவர்கள் முன்னால் ஒரு நேரத்தில் இருந்த தேர்வுகளும் எண்ணிவிடக்கூடியவை.

குழந்தையின் விரல் இந்தக் கதைக்குள் வந்தது அமெரிக்காவில். இல்லினாய் பல்கலைக்கழகத்தின் பிளேட்டோ கணினிக் கல்வித் திட்டம் 1972இல் தன் நான்காம் தலைமுறை முனையங்களை நிறுவியது. ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும் பிளாஸ்மா திரை. அதைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான டொனால்ட் பிட்ஸர்தான் திட்டத்துக்கும் தலைவர். திரையைச் சுற்றி அகச்சிவப்புக் கதிர்கள் ஓடின. குறுக்கே விரல் வந்தால் கதிர் அறுபடும். 16க்கு 16 என்று 256 கட்டங்களில் எதைத் தொட்டார்கள் என்று கணினி அறியும். துல்லியம் என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எழுத்தே முழுதாகத் தெரியாத ஒரு ஆறு வயதுக் குழந்தையைத் தட்டச்சுப் பலகை முன் உட்கார வைப்பதில் அர்த்தமில்லை. படத்தைத் தொடச் சொல்லலாம். தொடுதிரைக் கல்விக்கு இன்றுவரை சொல்லப்படும் நியாயங்களில் இதைவிட வலுவான ஒன்று வரவில்லை.

இன்றைய வகுப்பறைச் சுவரில் மாட்டப்படும் பெரிய ‘ஸ்மார்ட் போர்டு’ பலவற்றிலும் உள்ளே இருப்பது அதே அகச்சிவப்புச் சட்டம்தான், கட்டங்கள் மட்டும் நுணுக்கமாகிவிட்டன. விரலோ, பேனா மூடியோ, சட்டைக் கையோ, எது கதிரை அறுத்தாலும் அதற்குத் தொடுகைதான். திரையோரம் உட்காரும் பூச்சிகூடக் கோடு போட்டுவிடும். கைபேசியில் இருப்பது வேறு வகை: கண்ணாடிக்கு அடியில் மெல்லிய மின்புலம், மின்சாரம் கடத்தும் உடல் அருகே வந்தால் அது மாறும், அந்த மாற்றமே செய்தி. அதனால்தான் கையுறை போட்டால் கேட்பதில்லை, ஈரம் பட்டால் குழம்புகிறது. மூன்றாவது வகையில் இரண்டு படலங்கள் அழுத்தத்தில் ஒன்றோடொன்று தொட வேண்டும். விலை குறைவு, எதைக்கொண்டும் அழுத்தலாம், ஆனால் அழுத்தத்தான் வேண்டும்.

இந்த வேறுபாட்டைப் பொறியாளர்களின் கவலை என்று விட்டுவிட முடியாது என்பதற்கு இந்தியாவின் ஆகாஷ் சாட்சி. 2011 அக்டோபரில், உலகிலேயே மலிவான டேப்லெட் என்ற முழக்கத்தோடு மத்திய அரசு அதை அறிமுகப்படுத்தியது. ஏழு அங்குலத் திரை, மூன்றாவது வகை. விலையைப் பிடித்து வைக்க அதுதான் வழி. ஆனால் அதற்குள் ஐபோன் வந்து நாலு வருஷம், ஐபேட் வந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. மெல்ல வருடினாலே நகரும் திரையைக் கண்டவர்களுக்கு, நகத்தால் அழுத்தினாலும் யோசித்து நகரும் திரை எரிச்சல் தந்தது. பாட்டரி, வேகம் பற்றிய குறைகளும் சேர்ந்துகொண்டன. அடுத்த ஆண்டே வந்த இரண்டாம் பதிப்பில் மின்புலத் திரைக்கு மாறினார்கள். அதற்குள் பேர் கெட்டுவிட்டது. கல்விக் கருவியில் மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் ஒன்று உண்டென்றால் அது குழந்தையின் விரல் படும் மேற்பரப்பு என்று இதைப் படித்துக்கொள்ளலாம்.

வகுப்பறைத் தொடுபலகைக்கு மிகப் பெரிய சோதனைக்களம் பிரிட்டன். கனடாவின் ஸ்மார்ட் நிறுவனம் 1991இல் சந்தைக்குக் கொண்டுவந்தது போன்ற பலகைகளை, 2000க்குப் பிந்தைய ஆண்டுகளில் பிரிட்டிஷ் அரசு பள்ளி பள்ளியாக மாட்டியது. நல்ல வேளையாக, மாட்டியதோடு விடாமல் ஆய்வும் செய்யச் சொன்னார்கள். லண்டன் உயர்நிலைப் பள்ளிகளை ஆராய்ந்த கல்விக் கழகத்தின் 2007 அறிக்கை, ஆங்கிலம், கணிதம், அறிவியல் மூன்றிலும் முதல் ஆண்டில் மதிப்பெண்ணில் புள்ளிவிவரப்படி சொல்லத்தக்க மாற்றம் இல்லை என்றது. அதைவிட முக்கியமான கவனிப்பு உள்ளே இருந்தது. கற்றலில் பின்தங்கிய பிரிவுகளில் மாணவர்களை ஒவ்வொருவராகப் பலகைக்கு அழைத்துத் தொட வைத்தார்கள். அதனால் வகுப்பின் வேகமே குறைந்துபோனது. ஒருவர் தொடுகிறார், மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ‘ஊடாடும்’ பலகை என்று பெயர். ஊடாடுவது அந்த ஒருவர்தான்.

அதே ஆண்டு தொடக்கப் பள்ளிகளைப் பற்றி மான்செஸ்டர் மெட்ரோபாலிட்டன் பல்கலைக்கழகம் தந்த அறிக்கை வேறு விதமாக இருந்தது. அங்கே பலன் தெரிந்தது. காரணமாக அது சுட்டியது காலத்தை: பலகையோடு குழந்தைகள் எவ்வளவு நாள் பயின்றார்கள் என்பதுதான் முன்னேற்றத்தோடு பொருந்தி வந்தது. தொடக்கப் பள்ளி ஆசிரியர் நாள் முழுக்க ஒரே வகுப்பில், ஒரே பலகையோடு இருப்பவர். இரண்டு வருஷத்தில் அது அவர் கைப்பழக்கத்தில் ஒன்றாகிவிடுகிறது. பீரியடுக்கு ஓர் அறை மாறும் உயர்நிலை ஆசிரியருக்கு அந்த வாய்ப்பு குறைவு. இரண்டு அறிக்கைகளையும் சேர்த்து வைத்து யோசித்தால் இப்படித்தான் விளக்கம் சொல்லத் தோன்றுகிறது.

இந்த இடத்தில் தமிழ்நாட்டின் பழைய பாடம் ஒன்றை நினைவுபடுத்தாமல் இருக்க முடியாது. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, பிறகு மாநிலம் முழுக்கப் பரவிய செயல்வழிக் கற்றலில், வகுப்பறைச் சுவர்களில் தரையை ஒட்டிய உயரத்தில் கரும்பலகை அமைத்தார்கள். பாய்விரித்து உட்காரும் குழந்தைக்கு எட்டும் உயரம். ஒவ்வொரு குழந்தைக்கும் தனக்கென்று ஒரு பங்கு. சிமெண்டும் கறுப்புச் சாயமும்தான் செலவு. எத்தனை விரல்கள் ஒரே நேரத்தில் தொடலாம் என்ற கணக்கில் அந்தச் சுவரை மிஞ்சும் ஸ்மார்ட் போர்டு இன்னும் சந்தைக்கு வரவில்லை. அதன் மற்றக் குறைகளைப் பற்றி ஆசிரியர்களுக்கு நிறையக் கருத்துகள் உண்டு, அது தனிக் கதை. ஆனால் இன்று அரசுத் தொடக்கப் பள்ளிகள்வரை திறன்மிகு வகுப்பறைகள் அமைக்கும்போது, பெரியவர் உயரத்துக்கு மாட்டிய ஒற்றைத் திரையை மட்டும் நம்பினால் அந்தச் சுவரிலிருந்து ஓரடி பின்னால் போகிறோம் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆளுக்கொரு திரை கொடுத்துவிட்டால் தீர்ந்ததா? லாஸ் ஏஞ்சலிஸ் பள்ளி மாவட்டம் 2013இல் அப்படித்தான் நினைத்தது. ஏறத்தாழ ஆறரை லட்சம் மாணவர்களுக்கும் ஐபேட். இணைய வசதியையும் சேர்த்து 130 கோடி டாலர் திட்டம். முதல் தவணை கைக்கு வந்த சில நாள்களிலேயே மாணவர்கள் பூட்டை உடைத்து வேண்டிய தளங்களுக்குப் போய்விட்டார்கள் (அந்த வகையில் கற்றல் நடந்தது என்றே சொல்லலாம்). பாடங்களோ முழுமையாகத் தயாராகியிருக்கவில்லை. கொள்முதல் பற்றிக் கேள்விகள் எழ, 2014இல் ஒப்பந்தம் நிறுத்தப்பட்டது, அதே ஆண்டு கண்காணிப்பாளர் பதவி விலகினார். மறுவருடம் ஓ.இ.சி.டி. அமைப்பு, பள்ளிக் கணினிகளில் பெரிதாக முதலீடு செய்த நாடுகளில் வாசிப்பிலும் கணிதத்திலும் அறிவியலிலும் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் தெரியவில்லை என்று அறிவித்தது. ஸ்வீடன் 2023இல் அச்சுப் பாடநூல் வாங்க 68.5 கோடி குரோனா ஒதுக்கியது. திரைக்கு எதிரானவர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டும் செய்திகள் இவை.

ஆனால் டான்சானியாவின் டாங்கா வட்டாரத்தில் நடந்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். எக்ஸ்பிரைஸ் அமைப்பு நடத்திய போட்டியில், 170 கிராமங்களில் ஏறக்குறைய மூவாயிரம் குழந்தைகளுக்கு சுவாஹிலி மொழியில் பாடம் ஏற்றிய டேப்லெட்டுகள் தரப்பட்டன. அவர்களில் முக்கால்வாசிப் பேர் பள்ளிக்கூடமே போகாதவர்கள்; பத்தில் ஒன்பது பேருக்கு மேல் தங்கள் மொழியில் ஒரு சொல்லைக்கூட வாசிக்கத் தெரியாதவர்கள். பதினைந்து மாதம் கழித்துச் சோதித்தபோது வாசிக்கத் தெரியாதவர்களின் பங்கு பாதியாகக் குறைந்திருந்தது. 2019 மே மாதத்தில் கிட்கிட் ஸ்கூல், ஒன்பில்லியன் என்ற இரு குழுக்கள் ஒரு கோடி டாலர் பரிசைப் பங்கிட்டுக்கொண்டன. ‘ஆசிரியர் இல்லாமலே’ என்று இதைச் செய்தித்தாள்கள் கொண்டாடின. அது முழு உண்மை அல்ல. சூரிய ஒளியில் டேப்லெட்டைச் சார்ஜ் போட்டு, வாரம்தோறும் குழந்தைகளைப் போய்ப் பார்க்கக் கிராமத்துப் பெண்கள் இருந்தார்கள், அவர்களை ‘மாமா’ என்று அழைத்தார்கள். சுவாஹிலியில் அம்மா என்று பொருள். குழந்தையின் சொந்த மொழி, அதன் சொந்த விரல், பக்கத்தில் ஒரு பெரியவர். லாஸ் ஏஞ்சலிஸில் இருந்ததைவிட இங்கே பணம் குறைவு, யோசனை அதிகம்.

மொழி விஷயத்தில் தொடுதிரை தமிழுக்குச் செய்த நன்மையை இங்கேயே சொல்லிவிடலாம். பொத்தான் பலகையில் எந்த எழுத்து அச்சிடப்பட்டிருக்கிறதோ அதுதான் விதி. இந்திய மொழிகளுக்கு அதில் இடம் கிடைத்தது அபூர்வம். கண்ணாடியில் பொத்தான் என்பது வெறும் படம், வேண்டிய எழுத்தை வரையலாம். மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் 2005இல் பொத்தான் கைபேசிகளுக்கென்று வெளியிட்ட ‘செல்லினம்’, தொடுதிரைக் கைபேசிகள் வந்தபின் பெரும் கூட்டத்தைச் சென்றடைந்ததற்கு இதுவும் காரணம். தட்டச்சு வகுப்புப் பக்கமே போகாத லட்சக்கணக்கானவர்கள் இன்று தமிழில் எழுதுகிறார்கள் என்றால், அது விரலுக்கு அடியில் அ, ஆ வந்து நின்றதால்தான்.

பொது இடத்துக்கு வந்தால் சிக்கலின் முகம் மாறுகிறது. வகுப்பறையில் யார் தொடுகிறார் என்று ஆசிரியருக்குத் தெரியும். அருங்காட்சியகத்தில் யாருக்கும் தெரியாது. 2007இல் மைக்ரோசாஃப்ட் ‘சர்ஃபேஸ்’ என்ற பெயரில் ஒரு தொடுமேசையை அறிமுகப்படுத்தியது. சுமார் பத்தாயிரம் டாலர் விலை, பல விரல்கள் ஒரே சமயத்தில் தொடலாம். எந்த விரல் எவருடையது என்பது மட்டும் அதற்குத் தெரியாது. ஒருவர் திறந்த படத்தை எதிரில் இருப்பவர் மூடிவிட்டால் மேசைக்கு அது ஒரு சண்டை என்று புரியாது. வேடிக்கை என்னவென்றால், இதற்குத் தீர்வு அதற்கு முன்பே இருந்தது. மிட்சுபிஷி ஆய்வகம் 2001இல் உருவாக்கிய ‘டைமண்ட்டச்’ மேசை, தொடுபவரின் உடல் வழியாக அவர் உட்கார்ந்திருக்கும் நாற்காலிக்கு மெல்லிய மின்குறிப்பை அனுப்பி, தொட்டவர் இன்னார் என்று கண்டுபிடித்தது. அது சந்தையில் நிற்கவில்லை. கும்பல் நடமாடும் கூடத்தில் எல்லாரையும் நாற்காலியில் உட்கார வைக்க முடியாதே.

கிளீவ்லாந்து கலை அருங்காட்சியகம் 2013இல் வேறு வழியில் போனது. நாற்பது அடி நீளச் சுவரையே தொடுதிரையாக்கி, தன் சேகரிப்பிலிருந்து நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்களின் படங்களை அதில் ஓடவிட்டது. பத்துப் பேர் பத்து இடத்தில் நின்று தொட்டாலும் ஒருவர்மேல் ஒருவர் இடிக்காத அகலம். பிடித்த பொருளைத் தம் கருவியில் சேமித்துக்கொண்டு, அது இருக்கும் கூடத்துக்கு நடந்து போகலாம். திரை தானே காட்சியாக நின்றுவிடாமல் ஆளைப் பொருளை நோக்கி அனுப்பியதுதான் அதன் சாமர்த்தியம். பல அருங்காட்சியகங்களில் நடப்பது தலைகீழ்: கண்ணாடிப் பெட்டிக்குள் உண்மையான சிலை தூங்கும், பக்கத்துத் திரையில் அதன் படத்தைப் பெரிதாக்கிச் சுழற்றிக்கொண்டிருப்பார்கள்.

தெருவில் வைத்த திரைக்கு நியூயார்க் அனுபவம் போதும். பழைய தொலைபேசிக் கூண்டுகளை எடுத்துவிட்டு 2016இல் ‘லிங்க்’ கம்பங்களை நட்டார்கள். இலவச வைஃபை, இலவச உள்நாட்டு அழைப்பு, சார்ஜ் போட வசதி, இணையம் பார்க்க ஒரு தொடுதிரை. சில மாதங்களில் புகார்கள் குவிந்தன. சிலர் கம்பத்தடியிலேயே நாற்காலி போட்டுக் குடியேறினார்கள், பாட்டை அலறவிட்டார்கள், ஆபாசப் படம் பார்த்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் இணைய உலாவியை மட்டும் நீக்கிவிட்டார்கள். வீடற்றவர்களுக்கு அந்தத் திரை எதற்கெல்லாம் தேவைப்பட்டது என்ற கேள்வி அதோடு அமுங்கிப்போனது. தெருவில் திரை வைப்பவர்கள் எல்லாரும் ஒரே மாதிரிப் பயனாளரைக் கற்பனை செய்கிறார்கள்: அவசரமாக வருவார், முகவரி தேடுவார், போய்விடுவார். தெருவில் அவசரமில்லாதவர்களும் இருக்கிறார்கள்.

திரையில் ஒரு வரி எங்கே வைக்கப்படுகிறது என்பது ஒரு தேர்தலையே ஆட்டிவைத்திருக்கிறது. 2006 நவம்பரில் ஃப்ளோரிடாவின் சரசோட்டா மாவட்டத்தில் தொடுதிரை வாக்கு இயந்திரங்களில் சுமார் 18,000 பேர் நாடாளுமன்ற உறுப்பினருக்கான போட்டியில் மட்டும் வாக்களிக்காமல் போயிருந்தார்கள். வெற்றி வித்தியாசமோ 369 வாக்கு. ஆளுநர் போட்டிக்கான நீண்ட பட்டியல் இருந்த அதே பக்கத்தின் மேற்பகுதியில் இந்தப் போட்டி ஒதுங்கியிருந்தது. கண் அதைத் தாவிப் போயிருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்கள் பலர் தந்த விளக்கம். மறு ஆண்டே அந்த மாநிலம் காகிதச் சீட்டுக்குத் திரும்பச் சட்டம் போட்டது. இந்திய வாக்குப்பதிவு இயந்திரத்தில் தொடுதிரை இல்லை. சின்னத்துக்கு நேரே அழுத்தும் பொத்தான், பக்கத்தில் பிரெய்ல் எண். பார்வையற்றவர் தடவிப் பார்த்துத் தானே வாக்களிக்கலாம்.

தடவிப் பார்க்க ஒன்றுமில்லை என்பது கண்ணாடியின் பிறவிக் குறை. கார்களிலும் இப்போது அது உறைத்திருக்கிறது. ஐரோப்பாவில் கார்களுக்குப் பாதுகாப்பு நட்சத்திரம் தரும் யூரோ என்கேப், இண்டிகேட்டர், ஹார்ன், வைப்பர் போன்ற அடிப்படை வேலைகளுக்குத் தனி விசை இல்லாத கார்களுக்கு 2026 முதல் மதிப்பெண்ணைக் குறைக்கிறது. குறையைத் தீர்க்க முடியாது என்பதல்ல. 2009இல் வந்த ஐபோன் 3ஜிஎஸ், விரல் எதன்மீது இருக்கிறதோ அதைப் படித்துச் சொன்னது, இருமுறை தட்டினால் திறந்தது; பார்வையற்றவர்கள் பலருக்கு அதுவே முதல் தொடுதிரை. நம் ஊரிலும், 2014 ஜூலை முதல் புதிதாக வைக்கும் எல்லா ஏ.டி.எம்.களும் பேச வேண்டும், பிரெய்ல் விசைகளோடு இருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. உணவகத்து ஆர்டர் திரைக்கோ, மருத்துவமனை டோக்கன் திரைக்கோ இங்கே அவ்வளவு கறாராகச் சொல்லக் காணோம். சக்கர நாற்காலியில் வருபவர் அங்கே முதல் பொத்தானுக்கே எட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஐரோப்பிய ஒன்றியம் சொல்லத் தொடங்கிவிட்டது. 2025 ஜூன் 28 முதல் அங்கே புதிதாக நிறுவப்படும் டிக்கெட் இயந்திரம், ஏ.டி.எம்., விமான நிலையச் செக்-இன் பெட்டி எல்லாம் மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்தத்தக்கவையாக இருக்க வேண்டும். ஏற்கெனவே நிறுவிவிட்டவற்றுக்குச் சலுகை உண்டு: உறுப்பு நாடுகள் விரும்பினால் அவற்றின் ஆயுள் முடியும்வரை, அதிகபட்சம் 20 ஆண்டுகள் ஓடவிடலாம். இந்தியாவில் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருக்கிறது, தகவல் தொழில்நுட்பக் கருவிகளுக்கென்று ஐ.எஸ். 17802 என்ற தரநிர்ணயமும் இருக்கிறது. நாளை ஒரு மாநகராட்சியோ பேருந்துக் கழகமோ நூறு திரைகளுக்கு டெண்டர் விடும்போது, அங்குலத்தையும் விலையையும் கேட்கும் அதே தாளில் குரல் வசதி, உயரம், தமிழ், பழுதானால் வந்து பார்க்கும் ஆள் ஆகிய நான்கையும் எழுதிவிடலாம். எழுதாமல் வாங்கிய பெட்டிகள் வாங்கியபடியே பல ஆண்டுகள் நிற்கும்.